ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை பணம்

கேள்வி: வணக்கம் மேடம். எங்களுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. மனைவி சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறார், குழந்தைக்குத் தாய்ப்பால்தான். இருவரும் சம்பாதித்தபோது வீட்டுக்கு வந்த வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டால், இப்போது வருவது 60. சாப்பாட்டுச் செலவு முன்பு 20 (மளிகை, காய்கறி 16, வெளிச் சாப்பாடு 4). இப்போது 30 (மளிகை, காய்கறி அதே 16, வெளிச் சாப்பாடு 14). போன மாதம் மட்டும் 14 இரவுகள் ஃபோனில் ஆர்டர் செய்திருக்கிறோம். இரண்டு மாதமாகக் கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகைதான் கட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுக்கச் சமைத்து வைக்கலாம் என்று தனி ஃப்ரீஸர் ஒன்றைத் தவணையில் வாங்க நினைக்கிறோம். மாதம் 2 வீதம் 12 மாதம் கட்ட வேண்டும். வாங்கலாமா? செலவைப் பழையபடி 20க்குக் கொண்டுவர என்ன செய்வது?

பதில்: ஃப்ரீஸர் வேண்டாம். மற்றதைப் பேசுவோம்.

வருமானத்தில் பாதி சாப்பாட்டுக்கே போகிறதே என்று நீங்கள் பயந்திருப்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் அந்தப் பாதியில் ஒரு பகுதி உங்கள் தப்பே இல்லை. நீங்கள் பழையபடி 20தான் செலவழித்திருந்தாலும், 60இல் அது மூன்றில் ஒரு பங்கு. வரவு குறைந்தால் வயிறு குறையாது. எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857லேயே குடும்பங்களின் வரவு செலவை வைத்து இதைச் சொல்லிவிட்டார்: வருமானம் எவ்வளவு குறைவோ, அதில் உணவுக்குப் போகும் பங்கு அவ்வளவு கூடுதல். ஆகவே நீங்கள் பிடிக்க வேண்டியது கூடுதலாகப் போகும் அந்த 10ஐ மட்டும்தான்.

அந்த 10 எங்கே போகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், ஆனால் கவனிக்கவில்லை. வெளிச் சாப்பாடு 4இலிருந்து 14க்கு ஏறியிருக்கிறது, சரி. மளிகையும் காய்கறியும் ஏன் இறங்கவில்லை? மாதத்தில் 14 இரவுகள் வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை. அப்படியிருந்தும் அதே 16க்குச் சாமான் வாங்கியிருக்கிறீர்கள். அந்த 14 இரவுகளுக்காக வாங்கிய கீரையும் தக்காளியும் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கின்றன. அதாவது ஒரே இரவுச் சாப்பாட்டுக்குக் காய்கறிக் கடையில் ஒருமுறை, ஃபோனில் ஒருமுறை என்று இரண்டு தடவை பணம் கட்டுகிறீர்கள். கார்டு வட்டியையும் சேர்த்தால் இரண்டரை தடவை.

இதில் நீங்கள் தனி ஆளில்லை. 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. கைக்குழந்தை இல்லாத வீடுகளையும் சேர்த்துத்தான்.

சாமானின் விலை உங்கள் பிரச்சினை இல்லை. சாயங்காலம் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவிலுள்ள நேரம்தான் பிரச்சினை. குழந்தை அழுகிறது. ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார், இன்னொருவர் துவைத்த துணியோடு நிற்கிறார். "என்ன சமைக்கலாம்?" என்ற கேள்வி அப்போதுதான் முதன்முதலாக எழுகிறது. வெங்காயம் நறுக்க இரண்டு கை வேண்டும். ஆர்டர் செய்ய ஒரு கட்டைவிரல் போதும். இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல நிதி ஆலோசகர் தேவையில்லை.

என் குழந்தை பிறந்தபோது நானும் 30 நாளுக்கு மெனு போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கட்டம் கட்டமாக, மூன்று வண்ணப் பேனாவில். நாலாம் நாளே அந்தத் தாளின் ஓரத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்த நேரத்தைக் குறிக்க ஆரம்பித்துவிட்டேன். பத்தாம் நாள் அது எதற்காக ஒட்டிய தாள் என்பதே மறந்துபோனது. அதனால் உங்களுக்கு மெனு போட்டுத் தரப்போவதில்லை. சாப்பாட்டை வகை பிரித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

முதல் வகை, ஒரு கைச் சாப்பாடு. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டே பத்து நிமிடத்தில் தட்டுக்கு வரக்கூடியது. முட்டை, ரொட்டி, தயிர், வாழைப்பழம், டப்பாவில் வரும் வேகவைத்த பயறு, உறைய வைத்த பட்டாணி மாதிரி சாமான்கள் நாலைந்து வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். ஒன்று தீர்ந்தால் அன்றே பட்டியலில் எழுதிவிடுங்கள். இரவுச் சாப்பாடு என்றால் குழம்பும் கூட்டும் இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை ஆறு மாதத்துக்குப் பரண்மேல் போடுங்கள். இரண்டு முட்டையும் ரொட்டியும் ஒரு பழமும் முழுச் சாப்பாடுதான்.

இரண்டாவது, ஒரே பாத்திரச் சாப்பாடு. ஒரு தானியம், ஒரு பருப்பு, கையில் கிடைத்த காய், எல்லாம் ஒரே குக்கரில். இதைவிடச் சிக்கனமான சாப்பாடு எனக்குத் தெரியாது. உலர்ந்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது, அதாவது நாலு முட்டையில் இருப்பது. உடைத்த பருப்பை ஊறவைக்கவே வேண்டாம். முழுப் பயறு வாங்கினால் முந்தைய இரவே ஊறப்போட ஞாபகம் வர வேண்டும். இப்போதைக்கு உங்கள் இருவரிடமும் அந்த ஞாபகத்தை நான் எதிர்பார்க்க மாட்டேன். விலையில் சிறு வித்தியாசம் இருந்தாலும் உடைத்ததையே வாங்குங்கள். முழுப் பயறில் சிவப்பு ராஜ்மா வாங்கினால் மட்டும் ஒரு எச்சரிக்கை: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடாமல் சாப்பிடக் கூடாது. அரைவேக்காட்டில் வயிற்றைப் புரட்டிவிடும்.

இந்த ஒரே பாத்திரச் சமையலை வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மடங்கு அளவில் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று சமைக்கும் திட்டம் தூக்கம் கெட்ட வீட்டில் ஓடாது. எப்படியும் சமைக்கப்போகிற நாளில் இன்னொரு டம்ளர் அரிசியைச் சேர்த்துப் போடுவதில் கூடுதல் வேலை எதுவும் இல்லை. ஆக, இரண்டு முறை சமைத்தால் நாலு இரவு முடிந்தது. ஒரு கைச் சாப்பாட்டில் இரண்டு இரவு போகும். மீதி ஒன்று.

அந்த ஒரு இரவு வெளியில் வாங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. வெளிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தச் சொல்லும் எந்தத் திட்டமும் இரண்டாம் வாரம் படுத்துவிடும், அப்புறம் "எப்படியும் கெட்டுப்போச்சு" என்று மீண்டும் பதினாலுக்குப் போய் நிற்கும். வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு மிக மோசமானது என்று பார்த்து, அந்த நாளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். மாதத்துக்கு 4 பங்கு, பழைய அளவுதான். ஆர்டர் செய்யும் செயலியில் சேமித்து வைத்திருக்கும் கார்டை இன்றே நீக்குங்கள். ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்ப் பர்ஸை எடுத்து 16 எண்களையும் தட்ட வேண்டும் என்றால், பாதி ஆர்டர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கூடுதலாகச் சமைத்ததைப் பத்திரப்படுத்துவதில் அலட்சியம் வேண்டாம், வீணானால் மறுபடியும் இரண்டு தடவைக் கணக்குதான். சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆறவே ஆறாது, ஆகவே தட்டையான சின்ன டப்பாக்களில் பிரித்துவிடுங்கள். சோற்றில் கூடுதல் கவனம் தேவை. வேகவைத்தாலும் சாகாத ஒருவகைக் கிருமி வித்துகள் அதில் உண்டு, வெளியில் கிடக்கும் நேரத்தில் அவை பெருகும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள், அதற்கு மேல் தேவைப்படுவதை முதல் நாளே உறைய வையுங்கள். டப்பாமேல் தேதி எழுதுங்கள். தூக்கமில்லாத ஆளுக்குச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் வித்தியாசம் தெரியாது.

காய்கறியை வாரத்துக்கு மொத்தமாக அள்ளி வராதீர்கள். கீரை மாதிரி சீக்கிரம் வாடுவது இரண்டு நாளுக்கு. கேரட், முட்டைக்கோஸ், பூசணி மாதிரி தாங்குவது வாரம் முழுக்க. இதனால் 16 என்பது 15 ஆகும். அதற்கு மேல் ஒரு 3 பங்கை நேரத்தை விலைக்கு வாங்க ஒதுக்குங்கள்: நறுக்கிய காய், உரித்த பூண்டு, உறைய வைத்த காய்கறி. சாதாரணமாக நான் இதையெல்லாம் வீண்செலவு என்பேன். ஆனால் உங்கள் வீட்டில் நறுக்கிய காய் போட்டி போடுவது முழுக் காயோடு அல்ல, ஆர்டர் செய்யும் சாப்பாட்டோடு. அதோடு ஒப்பிட்டால் அது மலிவு.

ஆக 15, 3, 4. மொத்தம் 22. நீங்கள் கேட்ட 20 வரவில்லை, இப்போதைக்கு வரவும் வேண்டாம். மாதம் 8 மிச்சமாகிறதே, அது போதும். அந்த 8ஐ வேறு எதற்கும் தொடாமல் கார்டு பாக்கிக்குக் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், மீதிக்கு வட்டி ஓடுவதோடு, பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. ஆர்டர் செய்த சாப்பாட்டுக்குச் சாப்பிட்ட நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது.

ஒரு இடத்தில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள்: உங்கள் மனைவியின் தட்டில். தாய்ப்பால் கொடுப்பவருக்கு நாளொன்றுக்கு 330 முதல் 400 கலோரி வரை கூடுதலாக வேண்டும். அதற்குத் தனி பவுடரும் டானிக்கும் வேண்டியதில்லை, மருத்துவர் சொன்னால் தவிர. ஒரு கரண்டி அதிகச் சோறு, ஒரு முட்டை, ஒரு பழம், நடுராத்திரிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கொஞ்சம் வேர்க்கடலை. சிக்கனம் என்று சொல்லி அவர் மதியம் பிஸ்கட்டோடு முடித்துக்கொண்டால் அது சிக்கனக் கணக்கில் வராது.

குழந்தைக்கு ஆறு மாதம் வரை தனிச் சாப்பாட்டுச் செலவு இல்லை. அதற்குப் பிறகும் விளம்பரத்தில் வரும் குப்பிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் குக்கரில் வேகும் பருப்பையும் காயையும் உப்புப் போடுவதற்கு முன்பே கொஞ்சம் எடுத்து மசித்தால் அதுதான் குழந்தை உணவு. ஒரு வயது வரை தேன் மட்டும் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. அப்புறம் ஒன்றிரண்டு வயதில் "வளரும் பிள்ளைகளுக்கான பால் மாவு" என்று ஒன்று வரும். உலக சுகாதார நிறுவனமே அது அவசியமில்லை என்று 2013இல் சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்தை இப்போதே மிச்சக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் "என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். "ராத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். சந்தோஷமாகக் கொண்டு வருவார்கள். பொம்மையும் சின்னச் சட்டையும் ஏற்கெனவே வீடு நிறைய இருக்கும்.

இனி உங்கள் ஃப்ரீஸர். மாதம் 2 என்றால், நாம் பாடுபட்டு மிச்சம் பிடித்த 8இல் கால் பங்கு. உங்கள் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். ஐஸ் தட்டு, எப்போதோ வைத்த பாதி ஐஸ்கிரீம், எது என்று தெரியாத ஒரு பொட்டலம். அதைக் காலி செய்தால் ஆறேழு டப்பா அடங்கும், இரண்டு பேருக்கு அது தாராளம். மூன்று மாதம் கழித்து அந்தத் தட்டில் இடம் போதவில்லை என்று எழுதுங்கள், அப்போது வாங்கச் சொல்கிறேன்.