வேகமும் திசைவேகமும்: கேள்வி பதில்

9ஆம் வகுப்பு மாணவி: சார், 400 மீட்டர் தடத்தை ஒரு சுற்று ஓடி வந்தால் சராசரித் திசைவேகம் சுழின்னு புத்தகத்துல இருக்கு. அவ்வளவு ஓடியும் எப்படி சுழி?

வேகத்துக்குக் கடந்த தொலைவு கணக்கு. திசைவேகத்துக்கு இடப்பெயர்ச்சி, அதாவது கிளம்பிய இடத்திலிருந்து நின்ற இடம் நேர்கோட்டில் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்பது. கிளம்பிய கோட்டிலேயே வந்து நின்றால் அது சுழி.

ஆனால் 400 மீட்டர் போட்டியில் இது முதல் லேனுக்குத்தான் (உள் ஓடுபாதைக்குத்தான்) பொருந்தும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்க வீரர் வேய்ட் வான் நீகெர்க் 400 மீட்டர் ஓட்டத்தில் 8ஆவது லேனில் ஓடி, 43.03 வினாடியில் உலக சாதனை படைத்தார். வெளி லேனின் சுற்று 400 மீட்டரைவிட அதிகம் என்பதால், எல்லோரும் 400 மீட்டரே ஓடும்படி, வழக்கமான அளவுள்ள தடத்தில் 8ஆவது லேனின் தொடக்கக் கோடு வளைவில் 53 மீட்டர் முன்தள்ளியிருக்கும். நேர்கோட்டில் சுமார் 50 மீட்டர். ஆக, சராசரி வேகம் 400 ÷ 43.03 = 9.3 மீ/வி. சராசரித் திசைவேகம் 50 ÷ 43.03 = 1.16 மீ/வி, தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோட்டை நோக்கி.

பைக் ஓட்டுபவர்: ஸ்பீடோமீட்டர் காட்டுறது எது?

அந்தக் கணத்தின் வேகம். "மணிக்கு 60 கி.மீ., வடக்கே" என்றால்தான் திசைவேகம். ஒரு கணத்தில் இரண்டின் எண்மதிப்பும் எப்போதும் ஒன்றே. சராசரி எடுக்கும்போதுதான் பிரியும்.

அவரே: ரவுண்டானாவுல முள் 36லயே நிக்குது. அப்புறம் முடுக்கம் எங்கிருந்து வருது?

வேகம் மாறவில்லை, திசை மாறுகிறது. அதனால் திசைவேகமும் மாறுகிறது; அந்த மாற்றத்தின் வீதமே முடுக்கம். மணிக்கு 36 கி.மீ. என்றால் 10 மீ/வி. வளைவின் ஆரம் 20 மீட்டர் என்றால், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க 5 மீ/வி², மையத்தை நோக்கி. அதைக் கொடுப்பது டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வு. மழையில் உராய்வுக் கெழு (டயரின் பிடிப்பைக் காட்டும் எண்) 0.4 ஆகக் குறைந்தால், அதை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்க 0.4 × 9.8 = 3.9 மீ/வி²தான் கிடைக்கும். சக்கரம் வழுக்கி, வண்டி வளைவை விட்டு வெளியே போகும். அந்த ஈரத்தில் 31ஐத் தாண்டாதீர்கள்.

டியூஷன் ஆசிரியர்: போக 40, வர 60. சராசரி 50 என்றே பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

120 கி.மீ. தூரம் வைத்துப் போடச் சொல்லுங்கள். போக 3 மணி, வர 2 மணி; 240 ÷ 5 = 48. மெதுவாகப் போன பாதிக்கு அதிக நேரம் பிடிக்கிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. சராசரித் திசைவேகமோ சுழி.

11ஆம் வகுப்பு மாணவர்: 19.6 மீ/வி வேகத்தில் மேலே எறிந்த பந்துக்கு 3ஆவது வினாடி முடிவில் −9.8 வருது. வேகம் மைனஸ் ஆகுமா?

ஆகாது. வேகம் 9.8 மீ/வி. மைனஸ், பந்து கீழே வருவதைச் சொல்கிறது. "மேல்நோக்கி பிளஸ்" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பந்து இறங்கும்போது ஈர்ப்பு முடுக்கத்தின் குறியை மாற்றுவதில்தான் பலருக்கு மார்க் போகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அது −9.8 மீ/வி² தான்.