ஈஸ்டருக்கு எந்த வீட்டுக்குப் போறது? வாசகர் கேள்வி, அக்கா பதில்

ஈஸ்டர் வர்ற நேரத்துல எனக்கு வர்ற லெட்டர்ல பாதி பிள்ளைங்களப் பத்தி இருக்கும், மீதி மாமியாரப் பத்தி இருக்கும், இந்த தடவை ரெண்டும் ஒரே கவர்ல வந்திருக்கு. பிரியாணி அளவு கேட்டவங்களுக்கு அடுத்த வாரம் சொல்றேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு அஞ்சு வயசுல பொண்ணு, ரெண்டரை வயசுல பையன். மாமியார் வீடு ராயபுரம், அம்மா வீடு பெரம்பூர், நாத்தனார் எண்ணூர்ல இருக்காங்க. போன வருஷம் சனிக்கிழமை நைட்டு பூசை, காலைல மாமியார் வீட்ல டிஃபன், மதியம் அம்மா வீட்ல பிரியாணி, சாயங்காலம் நாத்தனார் வீடுன்னு ஓடினோம். பூசைல பையன் அழுத அழுகைக்கு முன்பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்துச்சு, பொண்ணு பிரியாணி இறக்குறதுக்கு முன்னாடியே தூங்கிட்டா, எண்ணூர் போற வழியில நானே அழுதுட்டேன். இந்த வருஷமும் அதே பிளான்தான் போட்டிருக்காங்க. என்ன பண்றது?
– ஒரு வாசகி, வண்ணாரப்பேட்டை

பதில்: கன்டெய்னர் லாரி நடுவுல ரெண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு எண்ணூர் வரைக்கும் போயி அழாம இருந்தாத்தாம்மா ஆச்சரியம்.

முதல்ல நைட்டு பூசைய எடுத்துக்கலாம். வெளிய தீ மூட்டி, பாஸ்கா திரி (ஈஸ்டருக்குன்னு ஏத்துற பெரிய மெழுகுவர்த்தி) ஏத்தி, இருட்டுல எல்லாரும் உள்ள வந்து, அப்புறம் பழைய ஏற்பாட்டு வாசகம் மட்டுமே முழுசா படிச்சா ஏழு, நடுவுல நடுவுல பாட்டு, தண்ணி மந்திரிக்கிறது, யாருக்காவது ஞானஸ்நானம் இருந்தா அது வேற. பெரியவங்களுக்கே மூணாவது வாசகத்துல கண்ணு சொக்கும், ரெண்டரை வயசு பையன் அழலன்னாத்தான் டாக்டர்கிட்ட காட்டணும். ஒரு வருஷம் நீங்க நைட்டு பூசைக்குப் போங்க, உங்க வீட்டுக்காரர் பிள்ளைங்களோட வீட்ல இருந்துட்டு காலை பூசைக்குப் போகட்டும், அடுத்த வருஷம் மாத்திக்குங்க. காலைல நடக்குறதும் ஈஸ்டர் பூசைதான், குறைச்சல் ஒண்ணும் கிடையாது, யாராவது இழுத்து இழுத்துக் கேட்டா அப்டியே சொல்லிடுங்க.

இல்லக்கா, அந்தத் தீயப் பிள்ளைங்க பார்க்கணும்னு ஆசையா இருந்தா (எனக்கும் அந்த ஆசை உண்டு, லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஒத்தத் திரி உள்ள வரும் பாருங்க, அதுல இருந்து கைக்குக் கை மாறி கோயிலே வெளிச்சமாயிடும், ஒரு தடவை பார்த்த பிள்ளை மறக்காது), சனிக்கிழமை மதியம் நல்லா தூங்க வச்சு கூட்டிட்டு போங்க, வாசக் கதவு பக்கமா நில்லுங்க, தீயும் திரியும் பார்த்துட்டு ஒருத்தர் பிள்ளைங்களோட வீட்டுக்கு வந்துடுங்க. பையன் கையில மெழுகுவர்த்தி வேணவே வேணாம். பொண்ணுக்குக் கொடுத்தா பேப்பர் கப் அடியில ஓட்டை போட்டு அதுல சொருகிக் கொடுங்க, மெழுகு கையில ஊத்தாது, ஆனா நீங்க ஒட்டியே நிக்கணும், ஏன்னா எம்.சி. ரோட்டுல வாங்கின அந்த நெட் வச்ச ஃப்ராக் எல்லாம் நெருப்பு பட்டா சட்டுனு பத்திக்கும்.

இப்போ வீடு விஷயம். ஈஸ்டர் ஒரு நாள்ல முடியுதுன்னு யார் சொன்னா? உயிர்ப்பு ஞாயிறுல இருந்து பெந்தகோஸ்து ஞாயிறு வரைக்கும் 50 நாள் ஈஸ்டர் காலம்தான், பாஸ்கா திரியே அதுவரைக்கும் பீடத்துக்கிட்டதான் நிக்குது. அப்போ நாத்தனார் வீட்டுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை போனா அது ஈஸ்டர் இல்லையா? மதியச் சாப்பாட்ட ஒரு வருஷம் ராயபுரம், ஒரு வருஷம் பெரம்பூர்னு வச்சிக்குங்க, எந்த வீட்டுக்கு இந்த வருஷம் முறை இல்லையோ அவங்களையும் அங்கயே கூப்பிடுங்க, வந்தா சந்தோஷம், வரலன்னா அடுத்த வாரம் நீங்க போங்க. இத குருத்தோலை ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு) முன்னாடியே பேசி முடிச்சிடணும், மட்டனுக்குச் சொல்லி வச்சதுக்கப்புறம் பிளான மாத்தினா சண்டைதான். அப்புறம் உங்க மாமியார்கிட்ட நீங்க பேசாதீங்க, அவங்க புள்ளை பேசட்டும். உங்க அம்மாகிட்ட நீங்க பேசுங்க.

இன்னொண்ணு நீங்க கேக்கல, ஆனா சொல்றேன். பிள்ளைங்களுக்குன்னு தனியா கேம்ஸ், ப்ரோக்ராம்னு எதுவும் இழுத்துப் போட்டுக்காதீங்க, ஏற்கெனவே வீட்ல மலை மாதிரி வேலை கிடக்குது, அதுல ஒண்ண எடுத்து இது உன் வேலைன்னு அவங்க கையில கொடுத்துடுங்க. அஞ்சு வயசுப் பொண்ணுக்கு பூண்டு உரிக்க வரும், புதினா ஆய வரும், எதிர்வீட்டுக்கு பிரியாணி டப்பா கொண்டு போய் கொடுக்க வரும். ரெண்டரை வயசுக்கு செருப்பு ஜோடி சேர்த்து வைக்கிற வேலை கொடுங்க, இருபது பேர் வர்ற வீட்ல அது ஒரு மணி நேரத்துக்கு ஓடும், ஜோடி தப்பாத்தான் இருக்கும், அதுக்காகத் திருத்தாதீங்க. எங்க ஆயா வீட்ல எல்லா இலையிலயும் உப்பு வைக்கிறது என் வேலை, வேற யாராவது வச்சிட்டா நான் சாப்பிட மாட்டேன்னு உக்காந்துக்குவேனாம். அந்த வீட்ல அன்னைக்கு என்ன சமைச்சாங்கன்னே எனக்கு இப்போ ஞாபகம் இல்ல, உப்பு மட்டும்தான் இருக்கு.

கேள்வி: நாலு வயசு மகன் பெரிய வெள்ளிக்கிழமை கோயில்ல பாடுபட்ட சுரூபத்தப் பார்த்து பயந்துட்டான். ஏன் ரத்தம், யார் அடிச்சாங்கன்னு ராத்திரியெல்லாம் கேள்வி. எப்படி சொல்றது?
– தண்டையார்பேட்டை

பதில்: கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க, அதுக்கு மேல போகாதீங்க. "கெட்டவங்க அடிச்சாங்க, செத்துட்டாரு, ஆனா மூணாம் நாள் எழுந்துட்டாரு" – நாலு வயசுக்கு இது போதும். நிறைய வீட்ல வெள்ளிக்கிழமை கதைய ஆணி, முள்ளுன்னு விலாவாரியா சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை கதைய "உயிர்த்துட்டாரு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்றாங்க, அப்புறம் பிள்ளை மனசுல எது தங்கும்? யோவான் எழுதின சுவிசேஷத்துல கடைசி ரெண்டு அதிகாரத்த எடுத்துப் பாருங்க, பிள்ளைங்களுக்குன்னே எழுதி வச்ச மாதிரி இருக்கும். மகதலா மரியா இருட்டோட இருட்டா கல்லறைக்கு வந்து, இயேசு எதிர்ல நிக்கிறப்போ அவர தோட்டக்காரர்னு நினைச்சுப் பேசுவாங்க, அவர் "மரியா"ன்னு பேரு சொல்லிக் கூப்பிட்டதும்தான் தெரியும். இத ராத்திரி போர்வைக்குள்ள உங்க மகன் பேர வச்சு நடிச்சுக் காட்டுங்க, பத்து தடவை கேப்பான்.

அதுக்கடுத்த கதை நம்ம காசிமேட்டுக் கதை. ராயப்பரும் (பேதுருவத்தான் நாம அப்டிச் சொல்றோம்) கூட இருந்தவங்களும் ராத்திரி பூரா வலை போட்டும் ஒரு மீன் மாட்டல. விடியக்காலைல கரையில ஒருத்தர் நின்னுக்கிட்டு வலப்பக்கம் போடுங்கறாரு, போட்டா 153 பெரிய மீன், வலை கிழியல. அவர்தான்னு தெரிஞ்சதும் ராயப்பர் படகு கரைக்கு வர்ற வரைக்கும் கூடப் பொறுக்காம தண்ணிக்குள்ள குதிச்சிட்றாரு. கரைக்கு வந்தா அங்க கரி நெருப்புல மீன் வெந்துக்கிட்டு இருக்கு, ரொட்டி இருக்கு, இயேசு "வாங்க, சாப்பிடுங்க"ன்னு கூப்பிட்றாரு. சாவ ஜெயிச்சவர் முதல் வேலையா என்ன பண்ணாருன்னு கேட்டா பசங்களுக்கு காலை டிஃபன் போட்டாருன்னு சொல்லுங்க (முதல் வேலை இல்ல, அதுக்கு முன்னாடியே அவங்கள பார்த்துட்டாரு, ஆனா நாலு வயசுக்கு அந்தக் கணக்கு வேணாம்). துறைமுகத்துல வலைய இழுக்கறதப் பார்த்த பிள்ளைக்கு இதுல ஒரு வார்த்தை கூட புரியாம போகாது. படகுக்காரங்க கட்டின ராயப்பர் கோயிலால தான் ராயபுரத்துக்கே அந்தப் பேரு வந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க, பஸ்ல போர்டப் பார்க்குறப்போ எல்லாம் மகனே உங்களுக்குக் கதை சொல்லுவான்.

கேள்வி: ஈஸ்டருக்கு வஞ்சிரம் போடலாமா? எல்லாரும் மட்டன் மட்டன்னு இருக்காங்க.
– புது வண்ணாரப்பேட்டை

பதில்: போடலாம், தேதியப் பாருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. 2025ல ஈஸ்டர் ஏப்ரல் 20, தடைக்குள்ள விழுந்துச்சு, பெரிய மீனெல்லாம் விலை கேட்டாலே மயக்கம் வர்ற நேரம். 2026ல ஏப்ரல் 5, 2027ல மார்ச் 28, ரெண்டும் தடைக்கு முன்னாடிதான். சின்னப் பிள்ளைங்க இருந்தா வஞ்சிரம் நல்லதுதான், நடுமுள்ள எடுத்துட்டா பயமில்லாம ஊட்டலாம்.

கேள்வி: என் மாமியார் இந்து, நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்), வீட்டுக்காரர் எதுலயும் இல்ல. ஒரே வீட்லதான் இருக்கோம். ஈஸ்டர் அன்னைக்கு அவங்க ரூமுக்குள்ளயே இருக்காங்க, மூணு வயசுப் பொண்ணு "ஆயா ஏன் வரல"ன்னு கேக்குது. வற்புறுத்தலாமா?
– வியாசர்பாடி

பதில்: கோயிலுக்கு வாங்கன்னு வற்புறுத்தாதீங்க. வீட்ல அவங்களுக்கு ஒரு இடம் இருக்கான்னு மட்டும் பாருங்க. உங்க அம்மா, அக்கா, ஓரகத்தி எல்லாரும் வந்து அடுப்படிய பிடிச்சிக்கிட்டா அவங்க சொந்த வீட்லயே விருந்தாளி ஆயிட்றாங்க, அப்புறம் ரூம்தான கதி. மூணு நாள் முன்னாடியே "அத்தை, நீங்க பண்ற கேசரி மாதிரி யாருக்கும் வராது, ஞாயித்துக்கிழமைக்கு நீங்கதான்"னு சொல்லிப் பாருங்க. அன்னைக்கு அவங்க கவிச்சி சாப்பிடாத நாளா இருந்தா தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, முதல்லயே சமைச்சு மூடி வச்சிடுங்க, கடைசி நிமிஷத்துல தயிர்சாதம் கிளறிக் கொடுக்காதீங்க, அது அவங்களுக்கு வலிக்கும்.

அவங்ககிட்ட பேச்சுக்கு ஒரு விஷயம் சொல்றேன். ஈஸ்டர் தேதி ஏன் வருஷா வருஷம் மாறுதுன்னு கேட்டா பாதி கிறிஸ்தவங்களுக்கே தெரியாது. மார்ச் 21லயோ அதுக்கப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதான் ஈஸ்டர். அதனால நிறைய வருஷம் பங்குனி உத்திரமும் பெரிய வெள்ளியும் ஒட்டி ஒட்டித்தான் வரும். உங்க மாமியார் காலண்டர்ல பௌர்ணமி பார்த்து வச்சிருப்பாங்க, அடுத்த வருஷம் ஈஸ்டர் எப்போன்னு அவங்களையே பேத்திக்குச் சொல்லச் சொல்லுங்க.

கேள்வி: யூகேஜி படிக்கிற பொண்ணு ஸ்கூல்ல எக் ஹன்ட் விளையாடிட்டு வந்து மொட்டைமாடியில நடத்தணும்னு அடம். எங்க பெரியப்பா "அதெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம், முயலுக்கும் இயேசுவுக்கும் இன்னா சம்பந்தம்"னு கத்துறாரு.
– கொருக்குப்பேட்டை

பதில்: முயல் விஷயத்துல பெரியப்பா சொல்றது சரிதான், அது ஜெர்மன்காரங்க வழக்கம். முட்டை அப்படி இல்ல. அந்தக் காலத்துல ஐரோப்பாவுல ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க கறியோட முட்டையும் சாப்பிட மாட்டாங்க, கோழிக்கு அது தெரியுமா, அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கிட்டே இருக்கும், ஈஸ்டர் வர்றப்போ வீடு நிறைய முட்டை. நாமளும் தவக்காலத்துல கவிச்சி நிறுத்திட்டு அன்னைக்கு வெளுத்துக் கட்டுறவங்கதான, பெரியப்பாவுக்கு இது புரியும்.

மொட்டைமாடின்னா காலை ஏழு மணிக்கே முடிச்சிடுங்க. வெயில் ஏறினா சாக்லேட் உருகும், அவிச்ச முட்டைய நம்ம ஏப்ரல் சூட்டுல ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய வச்சா சாப்பிடக் கூடாது. அத விட பெரிய பிரச்சினை காக்கா. எங்க வீட்ல ஒரு வருஷம் பிள்ளைங்க படியேறி வர்றதுக்குள்ள நாலு முட்டைய காக்கா கொத்திடுச்சு, இன்னொண்ணு வாட்டர் டேங்க் பின்னாடி இருந்தது ஒரு வாரம் கழிச்சு வாசனைலதான் தெரிஞ்சுது. எத்தனை ஒளிச்சோம்னு எழுதி வைங்க. கலருக்கு கடைப் பவுடர் எதுவும் வேணாம், வெள்ளை முட்டைய அவிச்சு, மஞ்சத்தூள் கொதிக்க வச்ச தண்ணியில கொஞ்சம் வினிகர் விட்டு ஊறப் போட்டா மஞ்சள், வெங்காயத் தோல்ல போட்டா செங்கல் கலர், பீட்ரூட்ல ரோஸ். கையில ஒட்டும், புது டிரெஸ் போடுறதுக்கு முன்னாடி பண்ணுங்க. வர்ற கூட்டத்துல நாலு வயசுக்குக் கீழ யாராவது இருந்தா குண்டு குண்டா இருக்குற மிட்டாய் ஒளிக்காதீங்க, தொண்டையில சிக்கிக்கும்.

கேள்வி: ஆறு வயசுப் பையன் பெரிய வெள்ளி அன்னைக்கு ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுசா சாப்பிடுற விரதம்) இருக்கணும்னு எங்க அம்மா சொல்றாங்க.
– மாதவரம்

பதில்: திருச்சபை சட்டத்துலயே 18 வயசு முடிஞ்சாத்தான் ஒருசந்தி, 14 முடிஞ்சாத்தான் கறி விடணும். பையன் கோயில்ல ஊத்துற கஞ்சிய உங்க அம்மாவோட உக்காந்து குடிக்கட்டும், ரெண்டு கிளாஸ் கேட்டா ரெண்டு கொடுங்க.

கேள்வி: எங்க அப்பா இறந்து எட்டு மாசம் ஆகுது. வருஷம் திரும்பாம பண்டிகை கொண்டாடக் கூடாதுன்னு அத்தைங்க சொல்றாங்க. அஞ்சு வயசு மகளுக்கு தாத்தான்னா உயிர், அவளுக்கு ஈஸ்டரே இல்லன்னு எப்படி சொல்றது? அம்மா ஒண்ணும் பேச மாட்டேங்குறாங்க.
– ராயபுரம்

பதில்: அத்தைங்களுக்கு அது அண்ணன் செத்த வீடு, அவங்க வாயில வேற என்ன வரும். அவங்ககிட்ட வாதாட வேணாம். புது டிரெஸ், பிரியாணி, சொந்தக்காரங்க கூட்டம் இத விட்டுடுங்க, இந்த ஒரு வருஷம் அது இல்லாம போனா மகளுக்கு ஒண்ணும் ஆயிடாது. பூசைய விடாதீங்க, ஈஸ்டர் பூசையே செத்தவங்களப் பத்தினதுதான. அம்மாவ கேளுங்க, சும்மா "என்ன பண்ணலாம்"னு கேட்டா பேச மாட்டாங்க, "காலைல பூசை முடிச்சிட்டு அப்பா கல்லறைக்குப் போலாமா"ன்னு கேட்டுப் பாருங்க. காசிமேட்டுக் கல்லறைக்கு வெயில் ஏறறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம், பூ முந்தின நாளே வாங்கி ஈரத்துணியில சுத்தி வச்சிடுங்க. மகளுக்கும் ஒரு வேலை கொடுங்க. ஒரு சின்ன தண்ணி பாட்டில், ஒரு துணி, தாத்தா பேரு எழுதின கல்ல அவதான் துடைக்கணும், வேற யாரும் கை வைக்கக் கூடாது. அவ எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சா நேரமாகும், அவசரப்படுத்தாதீங்க, அம்மா அதுக்குள்ள பேச ஆரம்பிச்சிடுவாங்க.