பெயர் எழுதிய டிக்கெட்டும் பெயர் தெரியாத கையெழுத்தும்

ஜூன் கடைசி வந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி விம்பிள்டன் பற்றியதாகிவிடும். லண்டனில் நான் குடியிருக்கும் டூட்டிங்கிலிருந்து டென்னிஸ் மைதானம் பெரிய தூரமில்லை. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று வாசகர்களுக்கு ஒரு நம்பிக்கை. தெரிந்ததில் பெரும்பகுதி நான் ஏமாந்து தெரிந்துகொண்டது.

"அண்ணா, முகநூலில் எங்கள் ஊர்க்காரர் குழு ஒன்றில் 'சென்டர் கோர்ட் டிக்கெட் ரெண்டு இருக்கு, மனைவிக்குச் சுகமில்லை, போக ஏலாது' என்று ஒருவர் போட்டிருந்தார். 900 பவுண்டை வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதைக் காட்டி உள்ளே போக முடியவில்லை. அம்மாவுக்கு 71 வயது. அவருக்காகத்தான் வாங்கினேன். காசு திரும்பக் கிடைக்குமா?" (ஹாரோ)

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இதைப் படித்து முடிக்கும் முன்பே வங்கிக்குப் போன் போடுங்கள். 'என்னை ஏமாற்றி, என் கையாலேயே பணம் அனுப்ப வைத்துவிட்டார்கள்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 7 முதல், பிரிட்டனுக்குள் இப்படிக் கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பி ஏமாந்த பணத்தை வங்கிகள் திருப்பித் தருவது கட்டாயம். உச்சவரம்பு 85,000 பவுண்ட். பணம் அனுப்பி 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும். பொதுவாக 5 வேலை நாளில் வந்துவிடும். விசாரணை இருந்தால் இழுக்கும். 100 பவுண்ட் வரை வங்கி பிடித்துக்கொள்ளலாம். அது போனால் போகட்டும். அந்த ஆளோடு பேசிய உரையாடலை அழிக்க வேண்டாம். போலீசில் புகாரும் கொடுத்துவிடுங்கள். அந்த ஆள் 'பாதியைத் தருகிறேன், புகாரை விடு' என்று வந்தால் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள்.

விம்பிள்டன் டிக்கெட் இப்போது போட்டியை நடத்தும் ஆல் இங்கிலாந்து டென்னிஸ் கழகத்தின் செயலிக்குள்தான் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் என்பது சாப்பாட்டின் போட்டோ மாதிரி, பசி அடங்காது. ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லி, நோயைச் சொல்லி ஒருவன் வரும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

"விசா உறுதி, விம்பிள்டன் டிக்கெட் உறுதி, லண்டனில் 6 நாள், எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் என்கிறார் ஓர் ஏஜென்ட். நம்பலாமா சார்?" (சென்னை)

விசாவை எந்த ஏஜென்டும் உறுதி செய்ய முடியாது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் முதலில் திருப்பிக் கேளுங்கள். ஆள் போனை எடுக்கவில்லை என்றால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

"கால் இறுதிக்கு 'டிபெஞ்சர் டிக்கெட்' என்று ஒரு தளம் ஆயிரக்கணக்கில் கேட்கிறது. விம்பிள்டன் டிக்கெட்டை விற்கவே கூடாது என்று போன வருடம் நீங்கள்தான் எழுதினீர்கள். எது சரி?" (ஈஸ்ட் ஹாம்)

இரண்டும் சரி. சர்ச் ரோட்டில் புது மைதானம் கட்டக் காசு வேண்டும் என்று கழகம் 1920-இல் முதன்முதலாக டிபெஞ்சர் பத்திரங்களை வெளியிட்டது. அங்கே குடிபோனது 1922-இல். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் இன்னும் ஓடுகிறது. ஒரு பத்திரம் வாங்கினால் 5 வருடத்துக்குப் போட்டி நடக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாற்காலி உங்களுடையது. 2026 முதல் 2030 வரைக்கான சென்டர் கோர்ட் பத்திரம் ஒன்றின் விலை 116,000 பவுண்ட். அப்படி 2,520 நாற்காலிகள். வாங்கினவர்கள் 14 நாளும் போய் உட்கார மாட்டார்கள். வேண்டாத நாளை விற்பார்கள். சட்டப்படி விற்கலாம். மற்றபடி கழகத்தின் டிக்கெட் குலுக்கலில் விழுந்தது, அன்றன்று வரிசையில் நின்று வாங்கியது எல்லாம் வாங்கினவர் பெயரோடு ஒட்டியவை. விற்றால் செல்லாது.

ஆக, யாராவது விற்க வந்தால் முதல் கேள்வி: டிபெஞ்சரா? ஆமாம் என்றால் எந்த பிளாக், எந்த வரிசை, எந்த நாற்காலி என்று கேளுங்கள். மறுவிற்பனை செய்பவர் இடத்தைச் சொல்ல வேண்டும் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 'அருகருகே இரண்டு, நல்ல இடம்' என்பது பதில் இல்லை. கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு, விற்றவர் கைவிரித்தால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. நடுவில் தரகர் தளம் இருந்தால் அந்தப் பிடி நழுவலாம். பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

டிபெஞ்சர் கதை முடிந்தது. இனி என் சொந்தப் புண். 'ஹாஸ்பிடாலிட்டி' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. காகித டிக்கெட் காலம். எங்கள் 25-ஆவது கல்யாண நாளுக்கென்று விம்பிள்டன் விருந்துப் பொதி ஒன்று வாங்கினேன். ஷாம்பெயின், மூன்று வகைச் சாப்பாடு, 'ஷோ கோர்ட் இருக்கை', அதாவது பெரிய கோர்ட்டில் இடம். போனால், பந்தல் மைதானத்துக்குள் இல்லை. கால் மணி நேர நடையில் யாரோ ஒருவர் வீட்டுப் பின்தோட்டத்தில் போட்டிருந்தார்கள். கோழி வரட்டி போல இருந்தது. 'இருக்கை வந்துகொண்டே இருக்கிறது' என்றார்கள், பன்னிரண்டரைக்கும் சொன்னார்கள், இரண்டரைக்கும் சொன்னார்கள். நாலு மணிக்கு உறை வந்தது. உள்ளே இரண்டு கிரவுண்ட்ஸ் பாஸ், அதுவும் எந்தப் புண்ணியவானோ விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கியது. பெரிய கோர்ட் பக்கம் போகவே முடியாது. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

அதனால் சொல்கிறேன்: சாப்பாடு மைதானத்தின் மதிலுக்கு உள்ளேயா வெளியேயா என்று எழுத்தில் வாங்குங்கள். 'அதிகாரபூர்வ' என்ற முத்திரையை விற்பவர் பக்கத்தில் பார்த்து மயங்காதீர்கள்; யார் அதிகாரபூர்வம் என்பது கழகத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள்.

"ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெரியும் கிரீமும் 2.70 பவுண்டாம். பகல் கொள்ளை இல்லையா?" (குரோய்டன்)

இல்லை. 2010 முதல் 2024 வரை 2.50-ஐத் தாண்டாமல் வைத்திருந்தார்கள். 2025-இல்தான் 20 பென்ஸ் ஏற்றினார்கள். அந்த மைதானத்தில் விலை நியாயமாக இருக்கும் ஒரே பண்டத்தைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஜூலையில் மகளைப் பார்க்க லண்டன் வருகிறோம். குலுக்கலுக்கு விண்ணப்பிக்க மறந்துவிட்டோம். இனி வழி இல்லையா சார்?" (கோவை)

இருக்கிறது. இதைத்தான் ஆட்கள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். முன்பின் தெரியாதவனுக்கு ஆயிரம் பவுண்ட் அனுப்புவார்கள், பூங்காவில் வரிசையில் நிற்க மாட்டார்கள்.

சவுத்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் விம்பிள்டன் பார்க். அங்கேதான் வரிசை. வால்பகுதியைக் கண்டுபிடித்துப் போய் நின்றால் தேதியும் எண்ணும் அச்சிட்ட சீட்டு ஒன்று கையில் தருவார்கள். அந்தச் சீட்டுதான் எல்லாம். ஆளுக்கு ஒன்று, இன்னொருவருக்காக இடம் பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. சென்டர், 1, 2 ஆகிய மூன்று பெரிய கோர்ட்டுகளுக்கும் தினமும் தலா 500 டிக்கெட் அளவில் வரிசைக்கென்றே எடுத்து வைக்கிறார்கள். கடைசி 4 நாள் மட்டும் சென்டர் கோர்ட் கிடைக்காது. மற்ற நாளில் சென்டர் கோர்ட் வேண்டும் என்றால் முந்தின நாளே போய்க் கூடாரம் போட வேண்டும். இரண்டு பேர் கூடாரத்துக்கு மேல் அனுமதி இல்லை. விடியற்காலையில் வந்து எழுப்பிவிடுவார்கள். அவ்வளவு ஆசை இல்லை என்றால் முதல் வாரத்தில் ஒரு நாள் அதிகாலையில் போய் கிரவுண்ட்ஸ் பாஸ் வாங்குங்கள். சின்னக் கோர்ட்டுகளில் ஆட்டக்காரரின் மூச்சே கேட்கும்.

உள்ளே போன பிறகு இன்னொரு வழியும் உண்டு. பிற்பகலில் பெரிய கோர்ட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் விட்டுப்போகும் இடங்களைக் கழகமே மறுபடி விற்கும். சென்டர் கோர்ட் 15 பவுண்ட், மற்றவை 10. காசு தர்ம காரியத்துக்குப் போகிறது. செயலியிலேயே வரிசை போடலாம். ஊரிலேயே கணக்கு தொடங்கிச் செயலியை இறக்கி வையுங்கள். ரொக்கம் அங்கே செல்லாது, கார்டு எடுத்துப்போங்கள்.

சாப்பாடு கொண்டுபோகலாம். மகளைப் புளியோதரை கட்டித்தரச் சொல்லுங்கள். பை 40×30×30 சென்டிமீட்டருக்குள், துணிப் பையாக இருக்கட்டும். விறைப்பான கூடை ஆகாது. மடக்கு நாற்காலியும் உள்ளே ஆகாது. வரிசையில் உட்காரவென்று 45 பவுண்டுக்கு ஒன்று வாங்கினேன். பொருள் வைக்கும் இடத்தில் விட்டுவிட்டு உள்ளே போனேன், ஆட்டம் பார்த்த மயக்கத்தில் எடுக்காமலே வீடு வந்து சேர்ந்தேன். அது இப்போது யார் வீட்டுத் தோட்டத்தில் இருக்கிறதோ.

"2-ஆம் கோர்ட்டில் ஒரு மணி பத்து நிமிடம்தான் ஆட்டம், அப்புறம் மழை. பணம் வருமா? டிக்கெட் நண்பர் பெயரில்." (ரெடிங்)

பாதி வரும். ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் முழுப் பணம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் என்றால் பாதி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் பணம் வாங்கினவர் பெயருக்குத்தான் போகும், உங்கள் பெயருக்கு இல்லை. நண்பர் நல்லவர் என்று நம்புகிறேன். சென்டர் கோர்ட்டுக்கு 2009-இலும் 1-ஆம் கோர்ட்டுக்கு 2019-இலும் கூரை வந்துவிட்டதால் அங்கே இந்தக் கேள்வியே எழுவது அபூர்வம்.

"விம்பிள்டனில் ஆடிய பந்து, ஆட்டக்காரர் கையெழுத்துடன், சான்றிதழும் உண்டு என்று இணையத்தில் 180 பவுண்டுக்கு வாங்கினேன். கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்க உதவ முடியுமா?" (மில்டன் கீன்ஸ்)

முடியாது. 180 பவுண்ட் கொடுக்கும் முன் யார் கையெழுத்து என்று கேட்கத் தோன்றவில்லையா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சான்றிதழில் பந்தின் படம் இல்லை, ஆட்டத்தின் தேதி இல்லை, கோர்ட் இல்லை, ஆட்டக்காரர் பெயரும் இல்லை. 'உண்மையானது என்று சான்றளிக்கப்படுகிறது' என்று மட்டும் இருக்கிறது. எது உண்மை? பந்து உண்மை. பந்து என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

1902-இலிருந்து அங்கே ஸ்லாஸெஞ்சர் பந்துதான். முதலில் 7 கேம், அப்புறம் 9 கேமுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்படிக் கழித்த பந்துகளை மைதானத்திலேயே மலிவாக விற்பதுண்டு. நானும் ஊரில் தெருக் கிரிக்கெட் ஆடும் அக்கா பையன்களுக்கென்று வாங்கிப் போனேன். டப்பாவிலிருந்து எடுத்த அன்றே பந்துக்குள் அடைத்த காற்று கசியத் தொடங்கிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஊர் போய்ச் சேர்ந்தபோது கொழுக்கட்டை மாதிரி சொத்தென்று விழுந்தது. பையன்கள் மரியாதைக்கு ஒரு ஓவர் போட்டார்கள்.

"ஆன்லைனில் வாங்கிய விருந்துப் பொதியை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் அல்லவா?" (லெஸ்டர்)

தேதி குறித்த நிகழ்ச்சிக்கு அந்த 14 நாள் விதி கிடையாது.

"விம்பிள்டன் பார்த்துவிட்டு 8 வயதுப் பையன் டென்னிஸ் ஆட வேண்டும் என்கிறான். 27 அங்குல ராக்கெட் நல்ல தள்ளுபடியில் கிடைத்தது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று வாங்கிவிட்டேன். கை வலிக்கிறது என்கிறான்." (திருச்சி)

வலிக்காமல்? பள்ளிச் சட்டையை இரண்டு சைஸ் பெரிதாக வாங்கும் நம் புத்தியை ராக்கெட்டில் காட்டலாமா? 27 அங்குலம் பெரியவர்கள் அளவு. எட்டு வயதுக்கு உயரத்தைப் பொறுத்து 23 அல்லது 25. கடையில் மாற்றித் தருவார்களா என்று இன்றே கேளுங்கள். கூடவே ஆரஞ்சுப் புள்ளி போட்ட பந்து வாங்குங்கள். அது மெதுவாக வரும், அந்த வயதுக்கென்றே செய்தது. வாங்கிய ராக்கெட்டால் நீங்களே ஆடுங்கள்.

"தாத்தா 1961-இல் லண்டனில் படித்தவர். ராமநாதன் கிருஷ்ணன் அரையிறுதி ஆடிய நாளின் நிகழ்ச்சிக் கையேடு அவர் பெட்டியில் கிடைத்தது. பழம்பொருள் வியாபாரி ஒருவர், பென்சில் கிறுக்கல் இருப்பதால் 500 ரூபாய்க்கு மேல் போகாது, அழித்துக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்கிறார். என்ன செய்ய?" (மயிலாப்பூர்)

ரப்பரைத் தூர வையுங்கள்! அந்தக் கிறுக்கல்தான் உங்கள் தாத்தா அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தார் என்பதற்குச் சாட்சி. 1954-இல் சிறுவர் பட்டம் வென்ற கிருஷ்ணன், 1960, 1961 இரண்டு வருடமும் அரையிறுதி வரை போனார். 1961-இல் ராய் எமர்சனைத் தோற்கடித்துவிட்டு வந்து ராட் லேவரிடம் தோற்றார். இப்படியொரு கையேடு அடிக்கடி கைக்கு வராது.

விற்கத்தான் வேண்டும் என்றால் டென்னிஸ் பொருட்களை ஏலம் விடும் இரண்டு மூன்று இடங்களில் படம் அனுப்பி மதிப்புக் கேளுங்கள். விம்பிள்டன் மைதானத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது, அவர்களுக்கும் எழுதலாம். நானாக இருந்தால் விற்க மாட்டேன். கிறுக்கல் இருக்கும் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். அன்று கிருஷ்ணன் போராடித் தோற்ற இரண்டாவது செட்டுக்கு நேரே 8-6 என்று தாத்தா எழுதியிருக்கிறாரா? இருந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.