குப்பைக்கோழியாரும் என் காலை மாத்திரையும்

கேள்வி: கதை எழுதுகிறவர்கள் வாயில் நுழையாத வினோதமான பெயர்களை எல்லாம் எங்கிருந்து பிடிக்கிறார்கள்? அதற்கென்று ஏதாவது வழி இருக்கிறதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பெயரைப் பற்றிக் கேட்டுவிட்டு உங்கள் பெயரை மட்டும் ஒளித்துக்கொண்டீர்களே, அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு. ‘பிடிக்கிறார்கள்’ என்பது சரியான சொல். மீன் பிடிப்பதும் பிடிப்பதுதான், பேய் பிடிப்பதும் பிடிப்பதுதான். பெயர் விஷயத்தில் இரண்டுமே நடக்கிறது.

மீன் பிடித்தவர் பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக். ஒரு கதாபாத்திரத்துக்குப் பெயர் தேடி, நண்பர் கோஸ்லானையும் இழுத்துக்கொண்டு, பாரிஸின் தெருத் தெருவாகக் கடைப் பலகைகளை வாசித்தபடி அலைந்திருக்கிறார். கடைசியில் ‘மார்க்காஸ்’ என்று ஒரு பலகை. பால்சாக்குக்குத் தலைகால் புரியவில்லை. இப்படிப் பெயர் வைத்திருப்பவன் மகா கலைஞனாகத்தான் இருக்க வேண்டும் என்று விசாரித்தால், ஆள் தையற்காரர். ஏமாற்றம்தான், ஆனாலும் பெயரை விடவில்லை. 1840-ல் வந்த கதையில் அவன் ‘இஸட். மார்க்காஸ்’. அந்த ‘இஸட்’ எழுத்தின் கோணல்மாணலிலேயே அவன் பட்ட பாடு தெரியவில்லையா என்று கதைசொல்லி கேட்கிறான். எழுத்தில் தலையெழுத்தைப் பார்க்கும் நியூமராலஜிக்காரர்களை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். பால்சாக் என்பதால் இந்த ஒரு தடவை மன்னிப்பு.

பேய் பிடித்தவர் ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ். ஒரு நாவலின் நாயகனுக்கு ‘மார்ட்டின் சஸல்விட்’ என்று முடிவு செய்வதற்குள் ஸ்வீஸல்டன், ஸ்வீஸல்பேக், ஸ்வீஸல்வாக், சஸல்டோ, சஸல்பாய், சபல்விக், சஸல்விக் என்று எழுதி எழுதிப் பார்த்திருக்கிறார். சளி பிடித்தவர் தும்முவதைப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த மாதிரி இல்லை? அந்தக் காலத்து அச்சுக்கோப்பாளரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

மற்றவர்கள் டெலிபோன் டைரக்டரி, கல்லறைக் கல், வருகைப் பதிவேடு என்று கிடைத்த இடத்தில் பொறுக்குகிறார்கள். எங்கே பொறுக்கினாலும் கொஞ்சம் அலசிப் போட வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கள் பத்திரிகைக்கு ஒரு விஞ்ஞானக் கதை வந்தது. வேற்றுக்கிரகத்துச் சக்கரவர்த்திக்கு அட்டகாசமான பெயர், நாலு அசை, நடுவில் ஒரு ‘ஸ்’. எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை கையில் தண்ணீர் டம்ளரோடு நிற்கும்போது புரிந்தது. நான் தினமும் வெறும் வயிற்றில் விழுங்குகிற மாத்திரை! அப்புறம் அந்தக் கதையை ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. சக்கரவர்த்தி படையெடுத்து வரும்போதெல்லாம், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்ற சந்தேகம். அவருடைய தளபதியின் பெயரையும் சும்மா சரிபார்த்தேன், இருமல் மருந்து. கதையைத் திருப்பி அனுப்பும்போது ‘மருத்துவர் சீட்டு இல்லாமல் பிரசுரிப்பதற்கில்லை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த எழுத்தாளர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.

வினோதம் பெயரில் இருந்தால்தான் கதாபாத்திரம் நிற்கும் என்பது ஆரம்பகால எழுத்தாளர்களின் பயம். புதுமைப்பித்தன் கடவுளையே பூமிக்கு இறக்கிக் கொண்டுவந்தார். பக்கத்தில் யாரை நிறுத்தினார்? மேலகரம் மே.க.ரா. கந்தசாமிப் பிள்ளையை! கடவுளுக்கு இல்லாத ஊரும் இனிஷியலும் பிள்ளைக்கு இருக்கிறது. இதில் எந்த எழுத்து வாயில் நுழையவில்லை?

இன்னொரு கோஷ்டி பெயரே வைக்காது. ‘அவன்’, ‘அவள்’ என்று பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டு அதற்கு நவீனம் என்று பெயர் சூட்டும். மூன்றாம் பக்கத்தில் எந்த ‘அவன்’ எந்த ‘அவளை’ அடித்தான் என்று நான் கடிதம் போட்டுக் கேட்டதில் எனக்கு ரசனை இல்லை என்று முடிவாகிவிட்டது. ஐயா, இது நவீனமே இல்லை. ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று அகப்பாட்டுக்குத் தொல்காப்பியர் என்றைக்கோ சட்டம் போட்டுவிட்டார். தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். சாடைகூடக் காட்டக் கூடாது. நெடுநல்வாடையில் அரசன் பெயரே வராது. ஆனால் வேலில் வேப்பமாலை கட்டியிருக்கிறது, அது பாண்டியனின் மாலை அல்லவா, ஆகவே இது அகம் இல்லை, புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்ப்பளித்தார். அவர் காலத்தில் நான் பத்திரிகை நடத்தாதது என் அதிர்ஷ்டம்.

வேடிக்கை என்னவென்றால், பாட்டுக்குள் பெயர் வரக் கூடாது என்ற சட்டப்படி எழுதிய புலவர்கள் சிலருக்குத் தங்கள் பெயரும் தங்கவில்லை. பாட்டில் இருந்த ஒரு உவமையைக் கிள்ளி அதையே பெயராக ஒட்டிவிட்டார்கள். ‘செம்புலப் பெயல்நீர்’ என்று எழுதியவர் செம்புலப்பெயனீரார். சரி, அவர் கொடுத்துவைத்தவர். குப்பைமேட்டில் சண்டை போடும் கோழியை உவமை சொன்னவர் குப்பைக்கோழியார் ஆகிவிட்டார். விட்டகுதிரையார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்று குறுந்தொகையில் ஒரு பட்டாளமே இருக்கிறது. டிக்கன்ஸ் எத்தனை தும்மல் போட்டாலும் குப்பைக்கோழியார் வந்திருக்க மாட்டார்.

இதே முறையில் எனக்கு ஒரு பெயர் வைப்பதாக இருந்தால் என் எந்த வரியைக் கிள்ளுவார்கள் என்று உதவி ஆசிரியரிடம் கேட்டேன். தலையங்கத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோமார்’ என்கிறார்.