கணினி கேள்வி – பதில்: ஓர் அட்டவணை, மூன்று வகைகள்

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலைக்காக ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) ஒரு மென்பொருள் எழுதி வருகிறேன். புத்தகம், பருவ இதழ், குறுந்தகடு என மூன்று மாடல்கள் (தரவுத்தள அட்டவணையை நிரலில் குறிக்கும் வகுப்புகள்). தலைப்பு, வாங்கிய தேதி, விலை, அலமாரி எண் ஆகியவை மூன்றுக்கும் பொது. புத்தகத்துக்கு மட்டும் ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண், இதழுக்கு மட்டும் ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் எண், குறுந்தகட்டுக்கு மட்டும் ஓடும் நேரம். இவற்றை ஒரே அட்டவணையில் வைக்கலாமா? காலியாகக் கிடக்கும் நெடுவரிசைகள் இருந்தாலே வடிவமைப்பு தவறு என்கிறார், உடன் பணிபுரியும் மூத்தவர்.

பதில்: புத்தகத்தையும் இதழையும் பற்றி விரிவாக எழுதிய நீங்கள் இரவல் பதிவேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, முடிவெடுக்க வேண்டிய இடம் அதுதான். உறுப்பினர் எடுத்துச் செல்வது எதுவானாலும், இரவல் அட்டவணையின் ஒரு வரிசை ஒரு பொருளைச் சுட்டியாக வேண்டும். மூன்று அட்டவணைகள் இருந்தால், அந்த வரிசையில் மூன்று ஃபாரின் கீகளை (வேறோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டும் நெடுவரிசைகளை) வைத்து எப்போதும் இரண்டைக் காலியாக விட நேரும். இல்லையென்றால் வகையையும் எண்ணையும் மட்டும் குறித்துவைக்கும் ஜாங்கோவின் பொது ஃபாரின் கீயைப் பயன்படுத்த வேண்டும், ஆனால் அந்த எண்ணுக்குரிய பொருள் உண்மையில் இருக்கிறதா என்பதைத் தரவுத்தளம் சரிபார்க்காது. ஆகவே 'பொருள்' என்ற ஒரே அட்டவணையை வைத்து, அதில் 'வகை' என்றொரு நெடுவரிசையைச் சேர்ப்பதே உங்களுக்கு ஏற்றது.

நிரலில் மூன்று மாடல்களும் மூன்றாகவே இருக்கலாம். 'ப்ராக்சி' என்று அறிவிக்கப்பட்ட மாடலுக்குப் புதிய அட்டவணை உருவாகாது. புதிய நெடுவரிசைகளையும் அதில் சேர்க்க முடியாது, எல்லாம் 'பொருள்' மாடலிலேயே இருக்க வேண்டும். ஆனால் ப்ராக்சி தானாக எதையும் வடிகட்டாது. 'புத்தகம்' மாடலிடம் எல்லாப் பதிவுகளையும் கேட்டால் இதழும் குறுந்தகடும் சேர்ந்தே வந்து நிற்கும். வகையைப் பார்த்து வடிகட்டும் வரியை அந்த மாடலுக்காகப் பதிவுகளைத் தேடித் தரும் மேனேஜரிலும், வகையை நிரப்பும் வரியைச் சேமிக்கும் இடத்திலும் நீங்களே எழுத வேண்டும்.

மூத்தவரின் கவலையில் பாதி நியாயம் உண்டு. இடம் வீணாகும் என்பது அவர் வாதமானால், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் காலியான நெடுவரிசை ஒன்றுக்கு அந்த வரிசையில் செலவாவது ஒரு பிட் மட்டுமே. உண்மையான ஆபத்து, ஓடும் நேரம் கொண்ட புத்தகமும் ஓடும் நேரமே இல்லாத குறுந்தகடும் அட்டவணைக்குள் நுழைந்துவிடுவதுதான். அதைத் தடுக்க, சேமிக்கும்போது தரவுத்தளமே சோதித்துப் பார்க்கும் செக் நிபந்தனை இருக்கிறது, ஜாங்கோவில் 2.2 பதிப்பிலிருந்து அதை மாடலிலேயே எழுதலாம். இங்கும் ஒரு வழுக்கல் உண்டு: 'குறுந்தகடாக இருந்தால் ஓடும் நேரம் பூஜ்யத்துக்கு மேல்' என்று மட்டும் எழுதினால், நேரம் 'நல்' (NULL) என்று, அதாவது காலியாக, இருக்கும் குறுந்தகடும் தேறிவிடும், ஏனெனில் ஒப்பீட்டின் விடை 'பொய்' என்று வராமல் 'தெரியாது' என்று வருகிறது, பொய் என்று வந்தால்தான் செக் மறுக்கும். எனவே 'நல் அல்ல' என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். மையெஸ்க்யூஎல் தரவுத்தளம் வைத்திருந்தால் 8.0.16 பதிப்போ அதற்குப் பிந்தையதோ என்று பாருங்கள். அதற்கு முந்தையவை செக் நிபந்தனையை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் புறக்கணித்துவிடும். புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் கட்டாயம் என்று மட்டும் விதித்துவிடாதீர்கள்: அது சர்வதேசத் தரமானது 1970-இல்தான், வாசகசாலையின் பழைய நூல்கள் பல அதற்கும் மூத்தவை.

ஒவ்வொரு வகைக்கும் பத்துப் பதினைந்து தனி நெடுவரிசைகள் இருந்திருந்தால், பொதுவானவற்றைத் தாய் அட்டவணையிலும் மற்றவற்றைச் சேய் அட்டவணைகளிலும் வைக்கச் சொல்லியிருப்பேன். 'ஆப்ஸ்ட்ராக்ட்' மாடல் வேறு சங்கதி: அது நெடுவரிசைகளின் வரையறையை மட்டும் பகிர்கிறது, அதைப் பின்பற்றும் ஒவ்வொரு மாடலுக்கும் தனி அட்டவணையே உருவாகும், ஆகவே இரவல் பதிவேடு அதைச் சுட்ட முடியாது. ஓர் அட்டவணையின் நெடுவரிசைகளை இன்னொன்றுக்கு வாரிசாகத் தரும் போஸ்ட்கிரஸின் 'இன்ஹெரிட்ஸ்' பார்க்க அழகாக இருக்கும். ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயும் ஃபாரின் கீயும் சேய் அட்டவணைகளுக்குச் செல்லாது என்பதால் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

கேள்வி: ரஸ்ட் மொழியில், தரவுத்தளத்தோடு பேச உதவும் டீசல் என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு எழுதுகிறேன். ஒரே உறுப்பினர் அட்டவணைக்குப் படிக்க ஒன்று, சேர்க்க ஒன்று, திருத்த ஒன்று என மூன்று ஸ்ட்ரக்டுகள் (பல புலங்களை ஒன்றாகக் கட்டிய தரவு வகைகள்) வந்துவிட்டன. ஒன்றாக்கிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். புதிய உறுப்பினருக்கு எண்ணைத் தருவது தரவுத்தளம். சேர்க்கும் ஸ்ட்ரக்டில் அந்தப் புலம் இல்லாமல் இருப்பதே முறை. அட்டவணையின் வரையறை எப்படியும் ஸ்கீமா கோப்பில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. படிக்கும் ஸ்ட்ரக்டில், வினவலின் விடையை அதில் நிரப்பச் சொல்லும் 'க்வெரியபிள்' குறிப்பு மட்டும் இருந்தால், டீசல் புலங்களைப் பெயரால் அன்றி வரிசையால் பொருத்தும். முகவரியும் தொலைபேசி எண்ணும் இரண்டுமே எழுத்துச் சரமாக இருந்து இடம் மாறிப்போனால் கம்பைலர் வாய் திறக்காது. புலங்களின் பெயரைக் கொண்டே நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்க, டீசல் 2.0 பதிப்பில் வந்த 'செலக்டபிள்' என்பதையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். திருத்தும் ஸ்ட்ரக்டில் 'ஆப்ஷன்' புலம் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற வகை) 'நன்' (None), அதாவது மதிப்பு இல்லை, என்றிருந்தால் 'பழையது அப்படியே இருக்கட்டும்' என்றே டீசல் கொள்ளும். தொலைபேசி எண்ணை அழிக்க விரும்பினால் அந்த ஒரு புலத்தை ஆப்ஷனுக்குள் ஆப்ஷனாக அறிவிக்க வேண்டும்.