மூன்றாம் பாகத்தில் நிற்கும் வாசகிக்கு

அன்புள்ள அக்கா,

வணக்கம். ஈரோட்டில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். பையன் நான்காம் வகுப்பு, பெண் எல்.கே.ஜி. கல்லூரி நாட்களில் விடுதியில் விடிய விடிய உட்கார்ந்து நாவல் படித்தவள் நான். கல்யாணம், வேலை, குழந்தைகள் என்று ஆனபிறகு வருஷக்கணக்கில் ஒரு புத்தகத்தையும் முடிக்கவில்லை. சென்ற தீபாவளிக்கு வீட்டுக்காரர் மின்னூல் படிக்கிற கருவி, ஒரு கிண்டில், வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் மறுபடி படிக்கிறேன். எல்லாரும் தூங்கிய பிறகு, மதியம் சாப்பாட்டு நேரத்தில், பையனின் டியூஷன் வாசலில் வண்டிமேல் உட்கார்ந்தபடி என்று ஓடுகிறது.

'பொன்னியின் செல்வன்' எடுத்தேன். இன்னும் மூன்றாம் பாகத்தில்தான் இருக்கிறேன். நடுவில் பத்து நாள் விட்டுப்போனால் யார் யார் என்றே குழம்பிவிடுகிறது. கூட வேலை பார்க்கும் ஒருவர் ஐந்து பாகத்தையும் ஒரே வாரத்தில் முடித்தாராம். அதைக் கேட்டதிலிருந்து நான் செய்வதெல்லாம் படிப்புதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

"எந்நேரமும் அதையே பாத்துட்டு இருக்கியே" என்கிறார் அத்தை. அவருக்கு அதுவும் செல்போனும் ஒன்றுதான். "நீ மட்டும் பாக்கலாமா?" என்று பையனும் கேட்கிறான். அச்சுப் புத்தகத்தைக் கைவிட்டுவிட்டோமோ என்று எனக்கும் உறுத்தல்.

மே மாதம் தென்காசியில் சித்தி வீட்டுக்குப் போகிறோம். போன வருஷம் தடியான நாவல் ஒன்றைப் பெட்டியில் வைத்து, பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன். இந்த முறை எதை எடுத்துப் போகலாம்? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, ஈரோடு

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் செய்வது படிப்புதான். அந்தச் சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

கல்கி இந்த நாவலை 1950-ல் தொடங்கி 1954 வரை தன் பத்திரிகையில் தொடராக எழுதினார். மொத்தம் 293 அத்தியாயங்கள். அதை முதன்முதலில் படித்தவர்களில் ஒருவர்கூட ஒரு வாரத்தில் முடிக்கவில்லை, முடித்திருக்கவும் முடியாது. மூன்றரை வருஷம் வந்தியத்தேவனோடு கூடவே போனார்கள். அதற்குள் எத்தனையோ வீடுகளில் கல்யாணம், பிரசவம், ஊர் மாற்றம் எல்லாம் நடந்திருக்கும். கதையும் அப்படிப் படிக்கத் தோதாகவே கட்டப்பட்டிருக்கிறது. அத்தியாயம் சின்னது, முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு. எப்போதோ பார்த்த ஆள் திரும்பி வந்தால், இவரை எங்கே சந்தித்தோம் என்று ஆசிரியரே எடுத்துச் சொல்லிவிடுவார். ஒரே மூச்சில் படிப்பவருக்கு அந்த இடங்கள் சொன்னதையே சொல்வதுபோல் இருக்கும். பத்து நாள் கழித்து வருகிற உங்களுக்கு அவைதான் கைகொடுக்கும். ஆகவே அந்த நண்பரின் வேகத்தை நினைத்துக் கூச வேண்டியதே இல்லை.

தமிழில் நாவல் வாசிப்பு வேரூன்றியதே இப்படித் துண்டு துண்டாகப் படித்த பெண்களால்தான் என்பது என் உறுதியான எண்ணம். வை.மு. கோதைநாயகி 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. ஆரம்பத்தில் எழுத வராமல், தான் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாளை எழுதவைத்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் அவரிடமிருந்து வந்தன. வீட்டு வேலைக்கு நடுவே அவற்றுக்காகக் காத்திருந்த பெண்கள் இல்லாமல் ஒரு பத்திரிகை அத்தனை காலம் நடந்திருக்காது. அப்புறம் விகடன், கல்கி, குமுதம் என்று வாரப் பத்திரிகைகள் வளர்ந்த காலத்தில், தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். சித்திரத்தோடும், பின்பக்கத்து விளம்பரத்தோடும், பாதியில் அறுந்த துணுக்கோடும் அந்தத் தொகுதிகள் தெருவெல்லாம் கைமாறிப் போய்வரும். என் அம்மாவிடமும் சில இருந்தன. ஒன்றில் நடுவே ஒரு வாரம் இல்லை, அந்த இதழை யாரோ வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. அந்த வாரம் கதையில் என்ன நடந்தது என்பதை அம்மா வாயால் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

உங்கள் அத்தையும் அந்த வயதில் ஏதாவது ஒரு தொடரை விடாமல் துரத்தியிருக்கக்கூடும். ஒருநாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள். அவர் அப்போது விரும்பிப் படித்த எழுத்தாளர் யாரென்று தெரிந்தால், அவருடைய கதை ஒன்றைக் கருவியில் இறக்கி, எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி, அவர் கையிலேயே கொடுங்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது, கண் வலிக்கிறது என்று படிப்பதையே நிறுத்திவிட்ட பெரியவர்கள் எத்தனையோ பேர். கிண்டிலின் பெரிய நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான்.

அது செல்போன் இல்லை என்பதும் கையில் எடுத்தால்தான் புரியும். அந்தத் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெள்ளையுமாக நுண்துகள்கள். மின்னூட்டம் கொடுக்கும்போது எந்தத் துகள் மேலே வர வேண்டுமோ அது வருகிறது, எழுத்து உருவாகிறது. பிறகு அடுத்த பக்கம் திருப்பும்வரை எழுத்தைத் தாங்கி நிற்க மின்சாரமே தேவையில்லை. ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருவது அதனால்தான். காகிதத்தைப் போலவே வெளி வெளிச்சத்தில் படிக்கிறோம். இருட்டில் எரியும் விளக்கும் ஓரத்திலிருந்து திரையின் மேற்பரப்பில்தான் பரவுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் அழைப்பு வராது, குடும்பக் குழுவில் காலை வணக்கம் வராது. இதையெல்லாம் அத்தைக்கும் பையனுக்கும் உட்காரவைத்துச் சொல்லலாம். நான்காம் வகுப்புப் பையனுக்கு இந்தத் துகள் கதை நிச்சயம் பிடிக்கும்.

ஆனால் அவன் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. அவன் பார்ப்பது கருவியின் பின்புறத்தை மட்டும்தான். அம்மா இன்று என்ன படிக்கிறாள், நேற்றைய புத்தகம் முடிந்ததா, இது பெரிதா சின்னதா என்று எதையும் அவனால் தெரிந்துகொள்ள முடியாது. அச்சுப் புத்தகத்துக்கு அட்டை உண்டு. அது கூடத்தில் கிடக்கும், யாராவது புரட்டுவார்கள், படம் பார்ப்பார்கள், இது யார் என்று கேட்பார்கள். குழந்தைகள் கண் எதிரே படிக்கும்போது அச்சுப் புத்தகம், அவர்கள் இல்லாத நேரத்தில் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கைவிட்டதாகாது. தமிழில் இரண்டும் இல்லாமல் முடியவும் முடியாது. அமேசான் 2016-ல் தமிழ் மின்னூல்களைக் கொண்டுவந்தது. அதற்கு வெகு முன்னால், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு 1999-ல் நாட்டுடைமை ஆக்கியதால் உங்கள் நாவலும் அங்கே கிடைக்கிறது. இத்தனை இருந்தும், சின்னப் பதிப்பகங்கள் போட்ட அருமையான புத்தகங்கள் பல இன்னும் அச்சில் மட்டும்தான் உண்டு. விலை கொடுத்து வாங்கிய மின்னூலை ஓர் அச்சுப் புத்தகத்தைத் தருவதுபோலத் தோழிக்குக் கொடுத்துவிடவும் முடியாது. நாலு பேர் கைக்குப் போக வேண்டிய புத்தகம் என்று உங்களுக்குத் தோன்றுவதைக் காகிதத்தில் வாங்குங்கள். ஆகஸ்ட் மாதம் உங்கள் ஊரிலேயே மக்கள் சிந்தனைப் பேரவையின் புத்தகத் திருவிழா வருகிறது, குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம், ஆகவே கிளை நூலகத்தையும் விட வேண்டாம். நூலகத் துறையின் தந்தையான எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர், 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகரிடம் என்ன வேண்டும் என்று சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது இதெல்லாம் இல்லை. நீங்கள் படிக்கிற நேரங்கள்தான். எல்லாரும் தூங்கிய பிறகு, உங்கள் சாப்பாட்டு நேரம், டியூஷன் வாசல். வீட்டில் யாருக்கும் தேவைப்படாத நேரமாகப் பொறுக்கி எடுத்து, உங்கள் தூக்கத்திலும் சாப்பாட்டிலும் கைவைத்துப் படிக்கிறீர்கள். அதற்கும் குற்ற உணர்ச்சி! காலையில் ஆண்கள் செய்தித்தாளை விரித்து அரைமணி நேரம் உட்கார்ந்தால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை, காபி கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அந்த அரைமணி உங்களுக்கும் வேண்டும். வாங்கிக் கொடுத்தவருக்கு நல்ல மனசு இருக்கிறது, அவரிடமே கேளுங்கள். சாயங்காலம் ஏழரையிலிருந்து எட்டுவரை பிள்ளைகளின் வீட்டுப்பாடம் அவர் பொறுப்பு, நீங்கள் கூடத்திலேயே எல்லார் முன்னாலும் படிப்பீர்கள் என்று பேசி முடிவு செய்யுங்கள். இரவு பதினொரு மணிக்கு ஒளிந்து படிக்க வேண்டிய விஷயமா இது? "நேரம் கிடைச்சாப் படி" என்று சொல்லி நம் வீடுகளில் எத்தனை பெண்களைப் படிக்கவிடாமல் செய்துவிட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

விடுமுறைக்கு வருகிறேன். போன வருஷம் அந்தத் தடி நாவல் பிரியாமல் திரும்பியதில் ஆச்சரியமே இல்லை. மே மாத விடுமுறை பிள்ளைகளுக்குத்தான். அம்மாக்களுக்கு அந்த மாதத்தில் வேலை கூடும், இன்னொருவர் வீட்டில் என்றால் கேட்கவே வேண்டாம், சமையலறையில் கை கொடுக்காமல் இருக்க மனசு வராது. பெரிய நாவலுக்குத் தினம் கொஞ்சம் என்கிற ஒழுங்கு வேண்டும், அது உங்கள் ஈரோட்டு வாழ்க்கையில்தான் இருக்கிறது. ஆகவே சோழர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, மெலிதான அச்சுப் புத்தகமாக எடுத்துப் போங்கள். ஒரு சிறுகதைத் தொகுப்பு போதும். ஒரு கதை முடிந்தால் ஒரு புத்தகத்தையே முடித்த நிறைவு வரும்.

போகிற ஊர் தென்காசி என்பதால் இன்னொன்றும் சொல்ல ஆசை. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியைக் கூடவே வையுங்கள். அந்த மலையையும் அருவியையும் அங்கே திரிகிற குரங்குகளையும் பாடிய புத்தகம். பதினெட்டாம் நூற்றாண்டில் இதைப் பாடியதற்காக மதுரை நாயக்க மன்னர் கவிராயருக்கு நிலம் மானியமாகக் கொடுத்தார் என்பார்கள், அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். முழுக்கப் படிக்க வேண்டாம். குறத்தி தன் மலை வளத்தைச் சொல்லும் பாட்டை மட்டும் உரையோடு ஒரு பதிப்பில் பார்த்து வைத்துக்கொண்டு, குற்றாலம் போகிற அன்று பையனுக்கும் பெண்ணுக்கும் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுங்கள். சந்தம் தானாக இழுத்துக்கொண்டு போகும், எல்.கே.ஜி. குழந்தைகூடக் கைதட்டும். ரசிகமணி டி.கே.சி. தன் கடைசிக் காலத்தில் குடியிருந்த ஊர் அது. நண்பர்களைக் கூட்டிவைத்துக் கம்பனை வாய்விட்டுப் படித்துப் படித்து ரசித்தவர் அவர். மே மாதத்தில் அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழும், சீசன் ஜூனில்தான் கூடும். பிள்ளைகளிடம் அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்து மூன்றாம் பாகத்தைத் தொடரும்போது, விட்ட இடத்துக்கு இரண்டு அத்தியாயம் முன்னால் போய்த் தொடங்குங்கள். யார் யாரென்று சின்னக் குறிப்பைக் கருவியிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம், அதற்கு வசதி இருக்கிறது. அத்தை எந்தத் தொடரைப் படித்தார் என்று தெரிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா