டிக்கட்டில் தொலைந்த ஒன்றரை மணித்தியாலம்

கேள்வி: மகள் முதல் தடவையாக டுபாய்க்கு வேலைக்குப் போகிறாள். காலை 10.00க்குக் கட்டுநாயக்கவில் ஏறி பகல் 1.00க்கு இறங்குவதாக டிக்கட்டில் இருக்கிறது. திரும்பி வரும்போது பகல் 2.30க்கு ஏறி இரவு 8.20க்கு இறங்குகிறாளாம். போக மூன்று, வர கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலமா? வழியில் எங்காவது இறக்கிவிடுவார்களா?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: எங்கும் இறக்கிவிட மாட்டார்கள் அம்மா. டிக்கட்டில் இடையில் வேறு ஊரின் பெயர் இல்லையென்றால் அது நேரே போகிற விமானம்தான். ஏறும் நேரத்தை ஏறுகிற ஊர்க் கணக்கிலும் இறங்கும் நேரத்தை இறங்குகிற ஊர்க் கணக்கிலும் போடுவார்கள், டுபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால், அங்கே பகல் 1.00 என்றால் உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் 2.30. ஆகவே போவதற்கு நாலரை மணித்தியாலம். வரும்போது அதே ஒன்றரையைக் கழியுங்கள், நாலு மணித்தியாலம் இருபது நிமிடம். ஆகாய வழியில் தூரம் சுமார் 3,300 கிலோமீற்றர். பத்து நிமிட வித்தியாசம் பெரும்பாலும் காற்றால் வருவது, முதுகில் தள்ளினால் நேரம் குறையும், எதிரே அடித்தால் கூடும்.

எனக்குக் கவலையெல்லாம் உங்கள் பக்கத்து ஹட்டனில் இருந்து கட்டுநாயக்க போகும் அந்தச் சுமார் 140 கிலோமீற்றர்தான். கினிகத்தேனை, கித்துல்கலை வளைவுகளில் வேன் ஊர்ந்துதான் போகும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை, சாதாரண நாளிலேயே ஐந்து மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை மூன்று மணித்தியாலம் முன்னதாக, காலை 7 மணிக்கே அங்கே நிற்க வேண்டும். நடுச்சாமத்தில் புறப்படுவதைவிட முதல் நாள் பகலிலேயே இறங்கி, கொழும்புப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்க வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுஇரவு தாண்டிய விமானம் என்றால் திகதியை இரண்டு தரம் பாருங்கள். 15ஆம் திகதி 00.45 என்றால் 14ஆம் திகதி இரவே எயார்போர்ட்டில் இருக்க வேண்டும். எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி 15ஆம் திகதி இரவு போய் நின்றாள், விமானம் அதற்கு முந்தின இரவே போய்விட்டது. டிக்கட் போட்டுக் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடன் வாங்கிக் கட்டிய காசு, இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

கேள்வி: சென்னை போக, யாழ்ப்பாணத்துப் பலாலியில் ஏறினால் கிட்டத்தானே?
– வாசகர், கண்டி

பதில்: ஆகாயத்தில் கிட்டத்தான். பலாலி – சென்னை சுமார் 350 கிலோமீற்றர், கட்டுநாயக்க – சென்னை சுமார் 650. ஆனால் பலாலியில் இருந்து போவது சுழலி பூட்டிய சிறிய விமானம், ஜெட் அளவுக்கு வேகம் இல்லை, அதனால் இரண்டு வழியிலும் ஆகாயத்தில் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம்தான். அப்புறம் கண்டியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியில் 321 கிலோமீற்றர் போக வேண்டுமே, கட்டுநாயக்கவுக்கோ நூறு சொச்சம்தான். யாழ்ப்பாணத்தில் வேலை இருந்தால் ஒழிய அந்த வழி வேண்டாம். உங்கள் சொந்தங்கள் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் என்றால் சென்னையே தேவையில்லை, கட்டுநாயக்கவில் இருந்து நேரே திருச்சிக்குப் போங்கள், ஒரு மணித்தியாலப் பயணம்.